பூத்தது எப்போது? படம் சொல்லும்!

பங்குனி பிறந்துவிட்டால் ஊரின் நிறமே மாறிவிடுகிறது. மொட்டையாக நின்ற புங்க மரம் ஒரு வாரத்தில் பளபளவென்று துளிர்த்துவிடும். வேப்ப மரத்தடியில் காலையில் கூட்டினாலும் மாலைக்குள் பூ உதிர்ந்து வெள்ளையாகிவிடும். சித்திரையில் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். கையில் செல்போன் இருப்பதால், இதையெல்லாம் படம் பிடிக்காதவர்கள் இன்று குறைவு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர்கூட, நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால், அந்தப் படங்களில் பெரும்பாலானவை மறுநாளே மறந்துபோகின்றன. அதே மரத்தை, அதே இடத்தில் நின்று அடுத்த ஆண்டும் எடுத்து வைத்தால் கதை வேறு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பொழுதுபோக்கு பண்ணைக் கணக்காக மாறிவிடுகிறது. செலவு எதுவும் இல்லை.

பூவைப் பார்த்துப் பேசும் விலை

“இந்த வருஷம் மா முன்னாடியே பூத்துடுச்சு” என்பார் ஒருவர். “போன வருஷமும் இதே நேரம்தானே?” என்பார் இன்னொருவர். டீக்கடையில் இந்தப் பேச்சு முடிவுக்கே வராது. ஏனென்றால், இரண்டு பேரும் நினைவில் இருந்துதான் பேசுகிறார்கள்.

டீக்கடையில் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தோப்பில்தான் நஷ்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல், தேனி என்று மா விளையும் பகுதிகளில், பூவையும் பிஞ்சையும் பார்த்தே குத்தகை பேசுவது வழக்கம். பல தோப்புகளைச் சுற்றிவரும் வியாபாரிக்கு, எந்தத் தோப்பில் எப்படிக் காய்ப்பு என்று நன்றாகவே தெரியும். ஒரு தோப்பை மட்டும் வைத்திருக்கும் விவசாயி, “போன வருஷத்தைவிட பூ கம்மிதான்” என்று வியாபாரி சொல்வதை மறுக்கக் கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறார்.

மா விஷயத்தில் பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது. ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். பெரும்பாலானவை ஆண் பூக்கள். நூறு பூக்களில் ஒன்றுகூட முழுக் காயாக நிற்பதில்லை. அதனால், ஒரே மரத்தை மூன்று கட்டங்களில் எடுக்க வேண்டும். முழுப் பூ நேரத்தில் ஒன்று, பிஞ்சு கோலிக்குண்டு அளவு இருக்கும்போது ஒன்று, அறுவடைக்கு முன் ஒன்று. நீலம் ஆண்டுதோறும் ஓரளவு காய்க்கும். அல்போன்சா, பங்கனப்பள்ளி போன்ற ரகங்கள் ஓர் ஆண்டு நன்றாகக் காய்த்தால் மறு ஆண்டு குறைவது உண்டு. மூன்று, நான்கு ஆண்டுப் படங்கள் சேர்ந்துவிட்டால், உங்கள் தோப்பில் எந்த மரம் எப்படி நடக்கிறது என்பது தெளிவாகிவிடும். குத்தகை பேசும்போது அந்தப் படங்களே உங்களுக்குத் துணை.

தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் தாக்குவதும் பூக்கும் நேரத்தில்தான். பூங்கொத்தில் வெள்ளைப் பொடி படிந்தது எந்த வாரம், இலையில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் வந்தது எந்த வாரம் என்று படத்தில் இருந்தால், அடுத்த ஆண்டு அதற்குப் பத்து நாள் முன்பே தோப்புக்குள் போய்ப் பார்க்கத் தொடங்கலாம்.

வேப்பம்பூ தரும் முன்னறிவிப்பு

சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கிறோம். அதே பூ, விவசாயிக்கு இன்னொரு தகவலையும் வைத்திருக்கிறது. பூத்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில், ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கும். பூ உச்சத்தில் இருந்த நாள் படத்தில் இருந்தால், பழம் பொறுக்க எப்போது ஆள் வைக்க வேண்டும் என்பதை முன்பே கணக்கிடலாம். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொட்டைக்கு வீரியம் இல்லை. 5 கிலோ வேப்பம்பருப்பு இருந்தால் 100 லிட்டருக்கு 5 சதவிகிதக் கரைசல் தயார். ஊரில் உதிர்ந்து வீணாகும் பழத்தைப் பொறுக்கி வைத்தால், கடையில் வாங்கும் மருந்துச் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

2021-ம் ஆண்டில் தெலங்கானாவில் வேப்ப மரங்கள் நுனியிலிருந்து கருகிக் காய்ந்தபோது, மக்கள் பயந்துபோனார்கள். தமிழ்நாட்டிலும் அதுபோன்ற மரங்களைப் பார்க்கிறோம். வேம்பு வழக்கமாக இலை உதிர்ப்பது வேறு, நுனிக் கருகல் வேறு. சென்ற ஆண்டு இதே நாளில் மரம் எப்படி இருந்தது என்ற படம் கையில் இருந்தால், இரண்டையும் பிரித்தறிவது எளிது.

எங்கே நின்று, எந்த நாளில்?

இடத்தை ஒரு முறை முடிவு செய்துவிட்டால் மாற்றக் கூடாது. கிணற்று மேட்டின் மூலை, மோட்டார் அறை வாசல், வரப்பில் நட்ட கல் என்று எதையாவது அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போனைப் படுக்கை வாட்டில் பிடித்து, பின்னால் தெரியும் மின்கம்பமோ பனை மரமோ ஒவ்வொரு முறையும் படத்தின் ஒரே ஓரத்தில் வரும்படி பாருங்கள்.

நாளைப் பொறுத்தவரை, தமிழ் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வசதியானவை. நம் தமிழ் மாதங்கள் சூரியனை ஒட்டியவை என்பதால், சித்திரை 1 எந்த ஆண்டிலும் ஏப்ரல் 14-ஐ ஒட்டியே வரும். அமாவாசை, பௌர்ணமியைக் குறியாக வைத்தால், அடுத்த ஆண்டு அதே திதி 11 நாள்போல தள்ளி வரும். ஒப்பிட முடியாமல் போகும்.

வெளிச்சத்துக்குக் காலை 9 மணிக்கு முன்பும், மாலை 4 மணிக்குப் பிறகும் நல்லது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வேலை செய்த கையோடு எடுத்தால் லென்ஸில் எண்ணெயும் தூசியும் ஒட்டியிருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்தாலே படம் தெளிந்துவிடும்.

ஊருக்கும் ஓர் ஆல்பம்

பூக்கும் நாளைக் குறித்து வைப்பது புதிய வேலை அல்ல. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களை 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய நாட்குறிப்புகளிலிருந்தே ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். அந்தத் தொடரில் மிக முன்கூட்டியே முழுப் பூ கண்ட ஆண்டுகளில் ஒன்று 2021. அன்று தேதி மார்ச் 26. வெயில் கூடிவருவதற்கு இந்தக் குறிப்புகள் இன்று சாட்சியாக நிற்கின்றன. நம் நாட்டிலும் ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் வாரந்தோறும் மரங்களின் துளிர், பூ, காயைப் பதிவு செய்கிறார்கள். கேரளப் பள்ளிகள் இதில் முன்னணியில் இருக்கின்றன.

நம் ஊரில் இதைத் தொடங்க எந்தத் திட்டமும் தேவையில்லை. பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு மரத்தை ஒப்படையுங்கள். கோயில் அரசமரம் ஒருவருக்கு, பள்ளிக்கூட வாசல் வேம்பு ஒருவருக்கு, ஏரிக்கரைப் பனை ஒருவருக்கு. பாட்டியும் தாத்தாவும் உடன் சென்றால், மரத்தோடு கதையும் சேரும்.

மரங்களோடு ஏரி, குளம், வரத்து வாய்க்கால்களையும் இதே முறையில் படம் எடுங்கள். கோடையில் நீர் வற்றி, கரையும் மதகும் தெளிவாகத் தெரியும் காலம் இது. எங்கே கரை அரித்திருக்கிறது, எங்கே வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எங்கே கருவேலம் மண்டியிருக்கிறது என்பதை இப்போது எடுத்தால்தான் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1 தொழிலாளர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. “வாய்க்கால் அடைச்சுக் கிடக்குது” என்று வாயால் சொல்வதைவிட, மூன்று ஆண்டுப் படங்களைத் தேதியோடு அச்செடுத்து மனுவுடன் கொடுத்தால் அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். பெண்கள், குழந்தைகள், களத்தில் வேலை செய்பவர்கள் ஆகியோரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். பறவைக் கூடுகளின் அருகிலும் போக வேண்டாம். தாய்ப்பறவை பயந்து கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

கேள்வியோடு படம் அனுப்புகிறீர்களா?

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வதற்கு இவை உதவும்.

1. மூன்று படங்கள் தேவை. வயல் முழுவதும் தெரியும்படி ஒன்று, ஒரு செடி முழுதாக ஒன்று, பாதித்த பகுதி அருகில் ஒன்று.

2. இலையின் மேல்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் எடுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும்.

3. பூச்சியின் அருகில் ஒரு ரூபாய் நாணயம் அல்லது தீப்பெட்டி வைத்தால் அளவு புரியும்.

4. ஜூம் செய்வதைவிட அருகில் போங்கள். திரையில் பூச்சி இருக்கும் இடத்தைத் தொட்டு, தெளிவானதும் எடுங்கள்.

5. வாட்ஸ்அப்பில் ‘போட்டோ’வாக அனுப்பினால் தெளிவு குறையும். ‘டாக்குமென்ட்’ என்ற பகுதி வழியாக அனுப்பினால் படம் அப்படியே வரும்.

6. பயிர், ரகம், வயது, கடைசியாக என்ன உரம், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்று அந்தந்த வயலில் மட்டும் ஏற்படும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில், சேதத்துக்கு முன் பயிர் எப்படி இருந்தது என்ற படமும் கையில் இருப்பது நல்லது.

எடுத்த படங்களை ஆண்டு வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, மெமரி கார்டிலோ பிள்ளைகளின் கணினியிலோ இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கிணற்றில் விழுந்தாலும் கணக்கு நிலைக்கும். சித்திரை 1 அன்று, வேப்பம்பூ பறிக்கப் போகும்போது முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.