எட்டிப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது

இரவு இரண்டு மணி. சர்வரில் காப்புப் பிரதி எடுக்கும் வேலை தொடங்குகிறது. அந்த ஒரே சர்வருக்குள் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று அந்த நேரம் பார்த்து ஒரு கோப்பைப் பாதி எழுதியிருக்கிறது; மீதிப் பாதி இன்னும் நினைவகத்தில்தான் கிடக்கிறது. இந்தக் கணத்தில் வட்டைப் படம் பிடித்தால் என்ன கிடைக்கும்? திடீரென்று கரண்ட் போன இயந்திரத்தின் வட்டு எப்படி இருக்குமோ, அப்படி ஒன்று. பல சமயம் அது பிழைத்துக்கொள்ளும். பிழைக்காத சமயம்தான் நமக்கு நினைவில் நிற்கும்.

மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கி நிற்கும் ஹோஸ்ட் கணினிக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் நினைவகம் முழுவதும் ஹோஸ்டின் நினைவகத்திலிருந்து கொடுத்ததுதான். அதன் வட்டு, ஹோஸ்டில் பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பு. ஒவ்வொரு பைட்டும் கண்முன்னே கிடக்கிறது. ஆனால் எந்த பைட் எதைக் குறிக்கிறது என்பது உள்ளே ஓடும் இயங்குதளம் மட்டுமே அறிந்த கணக்கு. தெரியாத எழுத்தில் எழுதிய பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு விழிப்பதைப் போன்ற நிலைமை. "உன் ஐபி முகவரி என்ன?" என்ற சின்னக் கேள்விக்குக்கூட வெளியிலிருந்து நேரடியாக விடை கிடைக்காது. நினைவகத்தைத் துழாவி அர்த்தம் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் உள்ளே இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிப்பு மாறினால் அவற்றுக்கான வரைபடத்தையும் மாற்றித் தர வேண்டும்.

அதைவிட, உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து அவரையே கேட்டுவிடலாம். அந்த ஆளுக்குப் பெயர் கெஸ்ட் ஏஜென்ட். இந்தத் துறையில் உள்ளே ஓடும் இயங்குதளத்தை விருந்தாளி என்றே சொல்வார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. இந்த விருந்தாளிகள் ஆறேழு வருடம் தங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

விருந்தாளி வீட்டுக்காரரோடு பேசும் வழக்கம் புதிதல்ல. 1972இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 அமைப்பிலேயே அது உண்டு. பெருங்கணினிகளில் 'டயக்னோஸ்' என்றொரு கட்டளை இருந்தது. இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கென்று, மாடலுக்கு மாடல் வேறு பொருள் கொள்ளும்படி விட்டுவைத்த கட்டளை அது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் யாருக்கும் பழுது பார்க்கும் வேலை இல்லை அல்லவா? அதனால் விருந்தாளி அந்தக் கட்டளையை இயக்கினால், 'வெளியே இருப்பவரிடம் ஏதோ சொல்ல வருகிறது' என்று எடுத்துக்கொண்டார்கள்.

1999இல் முதல் மென்பொருளை வெளியிட்ட விஎம்வேர் நிறுவனம் செய்ததும் கிட்டத்தட்ட இதே தந்திரம்தான். சாதாரண நிரல் ஒன்று வன்பொருள் போர்ட்டை நேரடியாகப் படிக்க முயன்றால், நிஜக் கணினியில் இயங்குதளம் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். விஎம்வேருக்குள், பதினாறடிமான எண்ணில் 5658 என்ற போர்ட்டைப் படித்தால் மட்டும் கதை வேறு. உரிய ரகசிய எண்ணைப் பதிவகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் போர்ட்டைத் தட்டினால், அது குற்றம் இல்லை, கடிதம். அந்த 56, 58 இரண்டும் ஆங்கில 'வி', 'எக்ஸ்' எழுத்துகளின் குறியீட்டு எண்கள். ரகசிய எண்ணும் இதே போல எழுத்துகளால் கோத்ததுதான். நிரலாளர்கள் கையெழுத்துப் போடாமல் விடுவதில்லை.

இன்று தனியார் வீடுகளின் சின்ன சர்வர் முதல் பெரிய மேகக் கணினி நிலையங்கள் வரை பரவியிருப்பது கியூஎமு, கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஜோடி. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் கியூஎமுவை வெளியிட்டார். கேவிஎம் 2007இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. கியூஎமுவின் சொந்த ஏஜென்ட் 2011இல், 0.15 பதிப்போடு வந்து சேர்ந்தது. அதன் வேலைமுறை மிக எளியது. ஹோஸ்ட், விருந்தாளிக்கு ஒரு சீரியல் கம்பி இருப்பதாகப் பாவனை காட்டுகிறது. ஏஜென்ட் அந்தக் கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஜேசான் வடிவில் ஒரு வரி வரும்: இருக்கிறாயா, முகவரி என்ன, கடிகாரத்தைத் திருத்து, கடையைக் கட்டு. பதிலும் ஒரு வரி. நெட்வொர்க் எதுவும் இதற்குத் தேவையில்லை. விருந்தாளியின் ஃபயர்வால் விதிகளைக் குளறுபடி செய்து நீங்களே வெளியே மாட்டிக்கொண்டாலும் இந்தக் கம்பி பேசும்.

கம்பிக்கு ஒரு குறை உண்டு. தொலைபேசியை வைத்துவிட்டால் இணைப்பு அறுந்தது தெரியும். சீரியல் கம்பியில் அப்படி எதுவும் இல்லை. முன்பு கேட்டவர் பாதிக் கேள்வியோடு செத்துப்போயிருக்கலாம். அவருக்கு வர வேண்டிய பதில் குழாயிலேயே தேங்கி நின்று, அடுத்து வருகிறவருக்குப் போய்ச் சேரலாம். இதற்காகத்தான் பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சடங்கு. முதலில் 255 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டை அனுப்புவார்கள். யூடிஎஃப்-8 எழுத்துமுறையில் அந்த பைட் எந்த எழுத்திலும் வராது. அதைக் கண்டதும் எதிர்முனை, அதுவரை பாதியில் நின்ற வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிடும். பிறகு மனம்போன ஓர் எண்ணை அனுப்பி, அதே எண் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால், இனி வரும் பதில்கள் நம் கேள்விக்குத்தான்.

கடையைக் கட்டு என்ற கட்டளைக்குப் பதிலே கிடையாது. வெற்றி என்றால் மௌனம். சொல்வதற்கு ஆள் இருக்காதே!

இரவு இரண்டு மணிப் பிரச்சினைக்கு ஏஜென்ட் தரும் தீர்வுதான் எனக்குப் பிடித்த பகுதி. படம் பிடிக்கும் முன் ஹோஸ்ட் 'உறை' என்கிறது. ஏஜென்ட் நினைவகத்தில் தேங்கியதை எல்லாம் வட்டில் எழுதச் சொல்லி, கோப்பு அமைப்புகளை அப்படியே உறைய வைக்கிறது. எழுத வரும் நிரல்கள் எல்லாம் வாசலில் வரிசையில் நிற்கும். படம் பிடித்தாயிற்று. 'உருகு.' வரிசை நகர்கிறது. லினக்ஸில் தரவுத்தளம் போன்ற விவகாரமான நிரல்களை உறைவதற்கு முன் தயார்ப்படுத்த, நாமே எழுதிய ஸ்கிரிப்டை இதோடு மாட்டிவிடவும் முடியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏஜென்ட்டும் உள்ளே ஓடும் ஒரு நிரல்தான். வட்டை உறைய வைத்த கையோடு, 'உறைய வைத்தேன்' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதப் போனால் அதுவும் வரிசையில் போய் நின்றுவிடும். அப்புறம் உருக்குவது யார்? அதனால் உறைந்த நேரத்தில் ஏஜென்ட் பதிவேட்டைத் தொடுவதில்லை. இருக்கிறாயா, நிலை என்ன, உருகு என்பது போன்ற ஒருசில கேள்விகளைத் தவிர வேறெதற்கும் அசைவதில்லை. விண்டோஸில் இந்தக் கவலைக்கு நேரக் கெடு வைத்திருக்கிறார்கள்: உறைந்த நிலை 10 வினாடிக்கு மேல் நீடிக்காது.

இதுவரை சொன்னது லினக்ஸும் விண்டோஸும் விருந்தாளியாக வரும் வீட்டின் கதை. புழக்கம் குறைந்த இயங்குதளங்களைக் கூட்டி வந்தால் என்ன ஆகும்?

முதலில் கம்பி வேண்டும். கியூஎமு வழக்கமாகக் காட்டுவது விர்ட்ஐஓ வகைச் சீரியல் சாதனத்தை. ரஸ்டி ரஸ்ஸல் முன்வைத்த விர்ட்ஐஓ, 'நிஜச் சாதனத்தைப் போல நடிக்க வேண்டாம், மெய்நிகர் என்று ஒப்புக்கொண்டே பேசுவோம்' என்ற யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அதற்கென்று ஒவ்வொரு இயங்குதளத்திலும் யாராவது டிரைவர் எழுதியிருக்க வேண்டும். அடுத்து, ஏஜென்ட்டின் ஒவ்வொரு கட்டளையையும் அந்த இயங்குதளத்தின் மொழியில் பெயர்க்க வேண்டும். லினக்ஸில் உறைய வைக்க ஒரு வழி என்றால் இன்னொன்றில் வேறு வழி, மற்றொன்றில் வழியே இல்லை.

ஃப்ரீபிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான ஏஜென்ட் ஆண்டுக்கணக்கில் 'போர்ட்ஸ்' என்ற அதன் மென்பொருள் தொகுப்பில், ஒட்டுப்போட்ட நிலையில்தான் கிடைத்தது. கியூஎமுவின் மூல நிரலுக்குள்ளேயே ஃப்ரீபிஎஸ்டி ஆதரவு சேர்ந்தது 2022 இறுதியில், 7.2 பதிப்பில். உறைய வைக்கும் வேலைக்கு அவர்கள் பிடித்த வழி சுவாரஸ்யமானது. யூஎஃப்எஸ் கோப்பு அமைப்பை, அது பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்குவதற்காக ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு சாதனக் கோப்பு ஏற்கெனவே இருந்தது: அதைத் திறந்து கேட்டால் வட்டில் எழுதும் வேலை எல்லாம் நின்றுவிடும். வட்டை நீட்டுவதற்குச் செய்த பிரேக்கைப் படம் பிடிக்கும்போதும் மிதிக்கிறார்கள். ஆனால் அது யூஎஃப்எஸ்ஸுக்கு மட்டும். இன்று பலரும் ஃப்ரீபிஎஸ்டியை நிறுவுவது இசட்எஃப்எஸ் மேல்; அதற்கு இந்தப் பிரேக் பிடிக்காது. இசட்எஃப்எஸ் பழைய தரவின் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதி முடித்துவிட்டு மாற்றிக்கொள்ளும் வகை என்பதால், கோப்பு அமைப்பு உடையாது. அதன் மேல் ஓடும் தரவுத்தளத்தைப் பற்றிய பேச்சு வேறு.

ஓப்பன்பிஎஸ்டியில் வழி இன்னும் பழையது. விர்ட்ஐஓ கம்பியை விட்டுவிட்டு, நிஜ சீரியல் போர்ட் போலவே நடிக்கும் ஐஎஸ்ஏ கம்பியைக் கொடுத்துவிடுவார்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மேலாண்மை மென்பொருளில் ஏஜென்ட்டுக்கான அமைப்பிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8250 சிப்பின் வாரிசான 16550ஐத்தான் கியூஎமு நடித்துக் காட்டுகிறது. அதற்கு டிரைவர் இல்லாத பிசி இயங்குதளத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். புதுத் தொழில்நுட்பம் கைவிட்ட இடத்தில் நாற்பது வயதுக் கம்பி ஓடிவந்து உதவுகிறது. ஓப்பன்பிஎஸ்டியில் அந்தப் போர்ட்டுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மோடத்தின் சமிக்ஞை வரும் வரை காத்திருக்கும் பெயர். இன்னொன்று காத்திருக்காமல் உடனே திறந்துகொள்ளும் பெயர். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாவதை. மோடத்தைப் பார்த்தே இராத தலைமுறைக்கு இதை விளக்கத் தனிக் கட்டுரை வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஓப்பன்பிஎஸ்டியில் 'உறை' கட்டளை கிடையாது. முகவரி கேட்கலாம், நிறுத்தச் சொல்லலாம். உறுதியான பிரதி வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள், அல்லது தரவுத்தளத்தை முன்கூட்டியே தனிக் கோப்பாக இறக்கி வையுங்கள்.

ஆனால் அதே ஓப்பன்பிஎஸ்டியை விஎம்வேருக்குள் போட்டால் எதையும் நிறுவவே வேண்டாம். மேலே சொன்ன 5658 போர்ட்டில் பேசும் சின்ன டிரைவர், 4.4 பதிப்பிலிருந்தே அதன் கெர்னலுக்குள் இருக்கிறது. பெயரும் முகவரியும் சொல்லும், நிறுத்தச் சொன்னால் நிற்கும், ஹோஸ்டின் கடிகாரத்தோடு உள்ள வித்தியாசத்தை ஒரு சென்சார் அளவாகக் காட்டும். அவ்வளவுதான். இதை நான் குறையாகப் பார்ப்பதில்லை.

ஏனென்றால் ஏஜென்ட் ஓடுவது நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு. கியூஎமு ஏஜென்ட்டில் எந்த நிரலையும் ஓட்டச் சொல்லும் கட்டளை உண்டு. கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை உண்டு. 2023இல் விஎம்வேரின் ஏஜென்ட்டான விஎம்வேர் டூல்ஸில் ஒரு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஹோஸ்டைக் கைப்பற்றியவர்கள், விருந்தாளியின் கடவுச்சொல் தெரியாமலே உள்ளே கட்டளைகளை ஓட்ட அது வழிவிட்டது. வீட்டுக்காரரே திருடனானால் விருந்தாளியின் பூட்டு எவ்வளவு தாங்கும் என்று கேட்கலாம்தான். இருந்தாலும் வாசலில் சாவியைத் தொங்கவிட வேண்டியதில்லை. கியூஎமு ஏஜென்ட்டைத் தொடங்கும்போதே வேண்டாத கட்டளைகளைத் தடுக்கும் பட்டியல் கொடுக்க முடியும். நிரல் ஓட்டும் கட்டளையை நான் எப்போதும் தடுத்தே வைப்பேன்.

ஸ்மார்ட்ஓஎஸ்காரர்கள் திசையையே திருப்பிவிட்டார்கள். ஜாயென்ட் நிறுவனம் 2011இல் கேவிஎம்மை இல்லுமோஸ் வகை இயங்குதளத்துக்குக் கொண்டுவந்து உருவாக்கியது அது. அங்கே விருந்தாளிதான் சீரியல் கம்பியில் ஹோஸ்டிடம் கேட்கிறது: என் பெயர் என்ன, எந்தச் சாவியை நம்பட்டும்? கேட்டதற்கு மட்டும் பதில் வருகிறது. இதற்கான நிரல் சிறியது. சீரியல் போர்ட்டைப் படிக்கத் தெரிந்த எந்த இயங்குதளத்துக்கும் பெயர்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் வந்தது. உள்ளே ஏஜென்ட்டை நிறுவும் முன்பே ஹோஸ்டில் 'ஏஜென்ட் உண்டு' என்று குறியிட்டு வைத்துவிட்டேன். நிறுத்து பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நிற்கவில்லை. ஹோஸ்ட், இல்லாத ஆளிடம் சொல்லிவிட்டுக் கெடு முடியும் வரை காத்துக்கொண்டிருந்தது. குறியை எடுத்துவிட்டிருந்தால் வழக்கமான பவர் பட்டன் சமிக்ஞையை அனுப்பி நொடியில் காரியத்தை முடித்திருக்கும்.

நிறுவியபின் முதலில் கேட்க வேண்டியது, 'உனக்கு என்னென்ன தெரியும்?' என்பது. ஏஜென்ட் தன் கட்டளைகளின் பட்டியலையே தரும். தெரியாதவை பட்டியலில் இருக்காது அல்லது முடக்கியதாகக் குறித்திருக்கும். பட்டியலில் 'உறை' இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். ஒருமுறை கையால் உறைய வைத்துப் பாருங்கள். பதிலாக ஓர் எண் வரும்: எத்தனை கோப்பு அமைப்புகள் உறைந்தன என்ற கணக்கு. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் பூஜ்யம் வந்தால், இரண்டு மணிக்கு எடுக்கும் பிரதி கரண்ட் போன வட்டுதான். உருகச் சொல்ல மறந்துவிடாதீர்கள்; உள்ளே எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்.