ஏறக்கூடாத கூரையைப் பார்ப்பது எப்படி?

மொட்டை மாடி வீட்டுக்கு ட்ரோன் எதற்கு? படியேறிப் போனால், தளவோட்டில் விரிசல் விட்டிருக்கிறதா, வடிகுழாய் வாயைச் சருகு அடைத்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிக்கல் பட்டறைகளின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில்தான். பல வருட வெயிலும் மழையும் பட்ட ஷீட், பார்க்கத் திடமாக இருந்தாலும் ஆள் எடையைத் தாங்காது. ஒழுகும் இடத்தைத் தேடி ஏறியவர் ஷீட் உடைந்து விழுந்து இறந்தார் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். ட்ரோன் தவிர்ப்பது அந்த ஏற்றத்தை.

இயக்குபவர் கூரையின் எல்லையைத் திரையில் குறித்துவிடுவார். ட்ரோன் உழவுச்சால் போல வரிசை வரிசையாகப் பறந்து, ஒரு படத்தின் மேல் அடுத்த படம் 70, 80 சதவீதம் படியும்படி எடுத்துத் தள்ளும். மென்பொருள் அவற்றை ஒட்டி ஒரே படமாக்கும். தாழப் பறந்திருந்தால் ஜே போல்ட் தலையில் ஏறிய துரு, கழன்ற வாஷர், விலகிய முகட்டு ஷீட் எல்லாம் அதில் தெரியும்.

கான்கிரீட் தளத்தில் ஏறிப் பார்த்தும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தேட, ட்ரோனில் வெப்பக் கேமரா. ஈரம் கோத்த இடம் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். நல்ல வெயில் அடித்த நாளில், பொழுது சாய்ந்த பிறகு பறக்கவிட்டால், சுற்றுப்புறம் ஆறிக்கொண்டிருக்கும்போது அந்த இடம் மட்டும் வெளிச்சத் திட்டாகத் தெரியும். மழை பெய்த மறுநாளும் காற்று பலமாக வீசும் மாலையும் இதற்கு உதவாது. பளபளக்கும் தகரக் கூரையோ ஏமாற்றிவிடும். தன் சூட்டைக் காட்டாமல் வானத்தின் குளிர்ச்சியைப் பிரதிபலிக்கும்.

வெப்பப் படத்தை மட்டும் வைத்துத் தளத்தை உடைக்கச் சொல்பவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன். ஏசி வெளிப்பெட்டி சூடு கக்கிய இடமும் ஓதம் போலவே தோன்றும். திட்டு எங்கே என்று படம் காட்டட்டும். அங்கே கொத்தனார் தளவோட்டைத் தட்டிப் பார்த்து, 'பொத்' என்று சத்தம் கேட்டால் பிடிப்பு விட்டுவிட்டது என்பார்.

ட்ரோனை அமர்த்துமுன் விதியும் தெரிந்திருக்கட்டும். 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைத் தொழிலாகப் பறக்கவிடுபவருக்கு பைலட் சான்றிதழும், ட்ரோனுக்குத் தனி அடையாள எண்ணும் கட்டாயம். ட்ரோன் வரைபடத்தில் பச்சை என்று குறித்த மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கிண்டி தொழிற்பேட்டை மாதிரி இடங்களிலோ, ஷெட் உயரத்துக்குப் பறக்கவும் முன் அனுமதி வேண்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன் சான்றிதழ், அடையாள எண், அனுமதி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.