மேம்பாலம் வந்தாச்சு, கீழே ரோட்டைக் கடப்பது எப்படி? கோவை வளர்ச்சித் திட்டங்கள் பற்றி மக்கள் சொல்வது என்ன?

கோவை அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ஆம் தேதி திறக்கப்பட்டதில் இருந்து, ஊருக்குள் ரெண்டு விதமான பேச்சு ஓடுகிறது. உப்பிலிபாளையத்தில் ஏறினால் சிக்னலே இல்லாமல் கோல்டுவின்ஸில் இறங்கிவிடலாம், ஏர்போர்ட்டுக்குப் போற டென்ஷன் போச்சு என்பது ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போவதுதான் இன்னும் பெரும்பாடு என்பது இன்னொன்று.

ரெண்டுமே உண்மைதான். பாலத்தின் மேலே போகிறவர் பார்ப்பது ஒரு கோவை, கீழே நிற்பவர் பார்ப்பது வேறொரு கோவை. கடந்த பத்து ஆண்டுகளில் இந்த நகரத்துக்கு வந்த பெரிய திட்டங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். திட்டமே வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. எங்களை முன்னாடியே கேட்டிருக்கலாமே என்பவர்கள்தான் அதிகம்.

என்னென்ன திட்டங்கள்? எதில் மக்களுக்கு மகிழ்ச்சி, எதில் வருத்தம்? கருத்து சொல்ல நினைப்பவர் எங்கே போய், எப்போது சொல்ல வேண்டும்? பார்ப்போம்.

கோவை எவ்வளவு பெருசாச்சு?

2011-இல் கோவை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய 3 நகராட்சிகள், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி உள்ளிட்ட 7 பேரூராட்சிகள், விளாங்குறிச்சி ஊராட்சி எல்லாம் உள்ளே வந்தன. சுமார் 105 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் சுமார் 257 சதுர கிலோமீட்டர் ஆனது. வார்டுகள் 100 ஆயின.

பரப்பு ஒரே உத்தரவில் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பஸ் வசதி ஆகியவை அந்த வேகத்தில் கூடவில்லை. சொத்து வரி மாநகராட்சி கணக்கு, வசதி மட்டும் இன்னும் பேரூராட்சி கணக்கா என்பது புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பல வருடமாகக் கேட்கும் கேள்வி. பெரிய திட்டங்களை அந்தப் பகுதி மக்கள் எடைபோடுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

மேம்பாலங்கள்: யாருக்கு லாபம்?

அவிநாசி சாலை மேம்பாலத்தின் நீளம் 10.1 கி.மீ. செலவு ரூ.1,791 கோடி. 2020-இல் வேலை தொடங்கியது. தொழில்மேதை ஜி.டி.நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இதற்கு முன் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலம் திறக்கப்பட்டது. பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் போகும் வண்டிகள் உக்கடம் நெரிசலில் சிக்காமல் தாண்டிப் போக அது உதவுகிறது.

தொலைதூரம் போகிறவர்களுக்கும், ஆம்புலன்ஸ், விமான நிலையப் பயணிகளுக்கும் இந்தப் பாலங்கள் பெரிய ஆறுதல். வேலை நடந்த வருடங்களில் தூசியையும் குழியையும் சகித்துக்கொண்ட பலரும், பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்றே சொல்கிறார்கள்.

குறை சொல்பவர்கள் யார்? பெரும்பாலும் குறைந்த தூரம் போகிறவர்கள். பீளமேட்டில் இருந்து நவ இந்தியா வரை போகும் டூவீலர்காரர், கல்லூரி வாசலில் பஸ் ஏறும் மாணவி, மருத்துவமனைக்கு வந்து மருந்துக் கடை தேடும் முதியவர். இவர்களின் பயணம் பாலத்துக்குக் கீழேதான் நடக்கிறது.

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு விஷயம் யூ-டர்ன். கோவையின் முக்கியச் சாலைகளில் பல சிக்னல்கள் எடுக்கப்பட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் திரும்பி வரும் முறை கொண்டுவரப்பட்டது. லாலி ரோடு சந்திப்பில் ரவுண்டானா வந்தது. வண்டிகள் நிற்காமல் நகர்வதால் ஓட்டுநர்களில் பலர் இதை வரவேற்றார்கள். ஆனால் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி நிற்கும், அந்த நேரத்தில் நடப்பவர் கடந்துவிடலாம். சிக்னல் போனதும் அந்த இடைவெளியும் போய்விட்டது. வண்டி நிற்காத ரோட்டில் நடந்து போகிறவர் எப்போது இறங்குவது?

பாலம் கட்டுவதில் சின்ன விவரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு திருச்சி சாலை ஓர் உதாரணம். ராமநாதபுரம்–சுங்கம் மேம்பாலம் 2022 ஜூனில் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே, சுங்கம் பக்கம் இறங்கும் வளைவில் விபத்துகளும் உயிரிழப்புகளும் நடந்தன. அதன் பிறகுதான் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடுகள் வந்தன. காந்திபுரம் மேம்பாலத்திலும், எந்தப் பக்கம் ஏற்றி எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்ற விவாதம் திறந்த பிறகே சூடு பிடித்தது. இரண்டிலும் கேள்வி எழுந்தபோது கான்கிரீட் காய்ந்துவிட்டது.

குளங்கள்: வாக்கிங் போறவங்களும், வீடு போனவங்களும்

2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகளில் கோவையும் ஒன்று. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் இடம் குளங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், செல்வசிந்தாமணி குளம் எனப் பல குளக்கரைகள் நடைபாதை, விளக்கு, இருக்கை வசதியோடு மாறின. சாயங்காலம் குடும்பத்தோடு காசு செலவில்லாமல் உட்கார ஓர் இடம் கிடைத்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சூழல் ஆர்வலர்கள் வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். இவை நொய்யல் ஆற்றின் தண்ணீரை வாய்க்கால் வழியாக வாங்கித் தேக்கும் பழைய பாசனக் குளங்கள். பறவைகளுக்கு மண் கரையும் நாணலும் வேண்டும். கரையை அழகாக்கும் முன், உள்ளே வரும் சாக்கடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது தரப்பு அதிகம் பேசப்படாதது. குளக்கரைகளில் பல தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் உள்ள வாரியக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். கெட்டியான வீடு கிடைத்தது, வெள்ள பயம் இல்லை என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டு வேலை, சுமை தூக்குதல், தூய்மைப் பணி, மார்க்கெட் வியாபாரம் எல்லாம் நகரின் நடுவில்தான் இருக்கின்றன. முன்பு நடந்து போன வேலைக்கு இப்போது பஸ் மாறிப் போக வேண்டும். விடியற்காலை 5 மணி வேலைக்கு எந்த பஸ் இருக்கிறது? குளத்துக்கு நடைபாதை வரைந்தபோது, இவர்களுக்கான பஸ் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

ஒரே ரோடு, எத்தனை தடவை தோண்டுவது?

கோவைவாசிகளிடம் வளர்ச்சி என்று சொன்னால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது தோண்டிப் போட்ட ரோடுதான். பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளில் 24 மணி நேரக் குடிநீர் வழங்கும் திட்டம், சூயஸ் நிறுவனத்துடன் 2018-இல் ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் ரூ.3,167 கோடி, காலம் 26 ஆண்டுகள். அப்போதே குடிநீரைத் தனியாரிடம் கொடுப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. இப்போது தெருவில் கேட்கும் கேள்வி இன்னும் எளிமையானது: குழாய் போட்டாச்சு, ரோடு எப்போ போடுவீங்க?

குடிநீர்க் குழாய் ஒரு தடவை, பாதாளச் சாக்கடை ஒரு தடவை, கேஸ் குழாய், கேபிள் என்று அடுத்தடுத்து. ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு துறையின் கையில் இருப்பதால் காலண்டரும் தனித்தனி. தார் போட்ட சில மாதங்களில் அதே தெரு மறுபடி தோண்டப்படுகிறது என்ற புகார் எல்லா வார்டிலும் உண்டு. திட்டத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையைக் கெடுப்பது இந்த அனுபவம்தான்.

சரி, மெட்ரோவும் வெள்ளலூர் பஸ் ஸ்டாண்டும்?

கோவை மெட்ரோவுக்கு அவிநாசி சாலை, சத்தி சாலை என இரண்டு வழித்தடங்கள், சுமார் 34.8 கி.மீ. நீளம், சுமார் ரூ.10,740 கோடி செலவு எனத் திட்ட அறிக்கை தயாரானது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. சொல்லப்பட்ட முக்கியக் காரணம், 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், கோவையில் அவ்வளவு இல்லை என்பது.

இங்கேதான் எல்லைக் கோடு விளையாடுகிறது. 2011 கணக்கெடுப்பை வைத்து, இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் எண்ணினால் சுமார் 16 லட்சம். அதே கணக்கெடுப்பில், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பாக எண்ணினால் 21 லட்சத்துக்கும் மேல். தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் எந்தக் கோட்டையும் பார்த்து வருவதில்லை என்பது தொழில் அமைப்புகளின் வாதம். இன்னொரு பக்கம், மெட்ரோ வரும்வரை காத்திருக்காமல் டவுன் பஸ்களைக் கூட்டுங்கள், அது நாளைக்கே செய்யக்கூடியது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளலூர் கதை வேறு. காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் எனப் பிரிந்து கிடக்கும் பேருந்து நிலையங்களுக்கு மாற்றாக, ரூ.168 கோடியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் 2020-இல் தொடங்கப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு பணி நின்றது. அந்த இடம் சரியில்லை, பக்கத்திலேயே 600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குப்பைக் கிடங்கு என்று ஒரு தரப்பு. பாதி கட்டி நிறுத்துவதற்கா இவ்வளவு செலவு என்று இன்னொரு தரப்பு. போத்தனூர், வெள்ளலூர் மக்களுக்கு இரட்டை வருத்தம். குப்பை வந்தது, பஸ் ஸ்டாண்டு வரவில்லை.

மக்களைக் கேட்டே ஆகணும்னு சட்டம் இருக்கா?

சில விஷயங்களுக்கு இருக்கிறது. நகரின் முழுமைத் திட்டத்துக்கு, அதாவது மாஸ்டர் பிளானுக்கு, வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். கோவையின் முந்தைய மாஸ்டர் பிளான் 1994-இல் ஒப்புதல் பெற்றது. சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 2041 வரைக்குமான வரைவு 2024 பிப்ரவரியில் வெளியாகி மக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எங்கே சாலை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஆனால் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டும்போது கூடும் கூட்டம், வரைவு வெளியாகும்போது கூடுவதில்லை.

மேம்பாலம் போன்ற தனித் திட்டங்களில் நிலைமை வேறு. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும்போது பொதுமக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் கீழ் நிலம் எடுத்தால், நிலத்தில் உரிமை உள்ளவருக்கு நோட்டீஸ் வரும், அவர் ஆட்சேபம் சொல்லலாம். 2013-இன் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு, இந்த மாநிலச் சட்டத்தின் கீழ் நடக்கும் பணிகளுக்குப் பொருந்தாது. ஆக, நிலம் இழப்பவருக்கு ஒரு காகிதமாவது வரும். அந்த ரோட்டைத் தினமும் கடப்பவருக்கு எதுவும் வராது.

அப்போ கருத்து சொல்ல என்ன வழி?

முதல் வழி பகுதி சபா கூட்டம். கிராமசபை போல நகரங்களுக்கான அமைப்பு இது. 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. வார்டு கவுன்சிலர் தலைமையில் நடக்கும். தெருவிளக்கு, குப்பை மட்டுமல்ல, வார்டுக்கு வரும் புதிய திட்டத்தின் வரைபடத்தையும் அங்கே கேட்கலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பாலத்தின் வரைபடம், நடப்பவர் கடக்கும் இடங்கள், சாலை வெட்ட யாருக்கு எப்போது அனுமதி தரப்பட்டது, மறுபடி தார் போட வேண்டிய பொறுப்பு யாருடையது எனத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்பது நல்லது. ஏன் செய்யவில்லை என்று கேட்பதைவிட, இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மூன்றாவது, கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் குறைதீர் கூட்டம். ஒருவராகப் போவதைவிட தெருக்காரர்கள், குடியிருப்போர் சங்கம், கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் கவனம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம்.

இதைவிட முக்கியமானது நேரம். திட்ட அறிக்கைக்கு ஆலோசகர் நியமிக்கப்பட்டார், மண் பரிசோதனை நடக்கிறது, ரோட்டோரம் அளவெடுத்துப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அதுதான் பேச வேண்டிய தருணம். அப்போது ஒரு ஜீப்ரா கிராஸிங்கோ, ஒரு சுரங்கப்பாதையோ, ஓர் இறங்குதளமோ காகிதத்தில் ஒரு கோடுதான். டெண்டர் முடிந்த பிறகு அதே மாற்றத்துக்குத் தனி மதிப்பீடு, தனி நிதி, தனி அனுமதி வேண்டும். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டால், அடுத்த திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.