ராஜாவை ஒளிப்பதா, இறக்குவதா?

கையில் இரண்டு ஏழு. மேசையில் விரிந்த மூன்று பொதுச்சீட்டுகள்: ராஜா, ஏழு, இரண்டு. டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் இதை ‘செட்’ என்பார்கள். கையில் ஜோடி வந்தாலும், ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒருமுறைதான் இப்படி அமையும். வெளியே தெரிவது ஒற்றை ஏழு என்பதால் எதிராளிக்குச் சந்தேகம் எழாது. இப்போது பணம் கட்டுவதா, ‘செக்’ சொல்லிப் பதுங்குவதா?

இதற்குத் தெளிவான விடை 1950-இல் கணிதவியலாளர் ஹரால்ட் கூன் அமைத்த ஒரு குட்டி ஆட்டத்தில் இருக்கிறது. ராஜா, ராணி, ஜாக்கி என்று மூன்றே சீட்டு. இருவரும் ஆளுக்கொரு காசு நடுவில் வைத்து, ஆளுக்கொரு சீட்டு எடுக்கிறார்கள். முதலாமவர் இன்னொரு காசு கட்டலாம், அல்லது செக் சொல்லலாம். செக் சொன்னால் இரண்டாமவர் கட்டலாம். ஒருவர் கட்டினால் மற்றவர் ஈடு வைக்க வேண்டும், இல்லையேல் விலக வேண்டும்.

முதலில் ஆடுவது நீங்கள், கையில் ராஜா. கட்டினால் ஜாக்கிக்காரர் விலகிவிடுவார். நன்றாக ஆடத் தெரிந்த ராணிக்காரர் மூன்றில் ஒருமுறை ஈடு வைப்பார். செக் சொன்னால் ராணிக்காரர் சும்மா இருப்பார். ஜாக்கிக்காரர் மூன்றில் ஒருமுறை மிரட்டப் பார்த்துக் காசைக் கட்டி மாட்டிக்கொள்வார். இரண்டு வழியிலும் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் ஒன்றே. தருகிற ஆள்தான் வேறு: ஒருவர் சந்தேகத்தால் தருகிறார், மற்றவர் துணிச்சலால்.

அதற்காக மனம்போல ஆடவும் முடியாது. ஜாக்கியோடு எத்தனை முறை மிரட்டுகிறீர்களோ, அதைப்போல மூன்று மடங்கு ராஜாவோடு கட்ட வேண்டும். நீங்கள் கட்டியதும் நடுவில் 3 காசு; ராணிக்காரர் 1 காசு வைத்து அந்த மூன்றையும் எடுக்கப் பார்க்கிறார். உங்கள் கையில் நான்கில் மூன்று முறை ராஜா, ஒருமுறை ஜாக்கி என்றால் அவருக்கு ஈடு வைப்பதும் விலகுவதும் ஒன்றுதான். மிரட்டவே மாட்டேன் என்பவர் ராஜாவையும் எப்போதும் ஒளித்தே ஆட வேண்டும். நல்ல சீட்டை ஆடும் விதத்தை மோசமான சீட்டை ஆடும் விதம் தீர்மானிக்கிறது! எத்தனை முறை கணக்குப் போட்டாலும் இது எனக்கு வியப்புதான்.

கூனின் ஆட்டத்தில் புதுச் சீட்டு வராது. ஹோல்டெமில் இன்னும் இரண்டு வரும். அந்த ராஜா, ஏழு, இரண்டில் இரண்டு சீட்டு ஆட்டினாக இருந்து, எதிராளி கையிலும் இரண்டு ஆட்டின் இருந்தால், அடுத்த சீட்டிலேயே அவருக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) விழ 19 விழுக்காடு வாய்ப்பு. செக் சொன்னால் அந்தச் சீட்டை அவருக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள். மூன்றும் வெவ்வேறு இனமானால் அந்த ஆபத்து இல்லை. அப்போதும் ராஜா வைத்திருப்பவர் ஈடு வைக்கத் தயாராக இருப்பார் என்பதால், பெரும்பாலும் கட்டுவதே சரி என்பேன்.

ஆனால் 2015-இல் இருவர் ஆடும், பந்தயத்தை உயர்த்த வரம்புள்ள ‘லிமிட்’ ஹோல்டெமுக்கு ஏறக்குறைய முழுத் தீர்வு கண்ட அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் நிரல், சீட்டுப் போடும் இடத்தில் இருக்கும்போது, கையில் இரண்டு ஏஸ் இருந்தாலும் முதல் சுற்றில் அனுமதிக்கப்பட்ட கடைசி உயர்வை எடுப்பது மிக அபூர்வம். ஈடு மட்டும் வைத்துவிட்டு, அடுத்த மூன்று சீட்டுக்குக் காத்திருக்கும்.