ஊர் கூடிச் சொல்லும் பிழைகள்

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவதே நம் வழக்கம். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளிலோ இறுதிச் சடங்கில் பாவங்களையும் சொல்கிறார்கள். சடலத்தருகே நின்று பெரியவர் ஒருவர் வரிசையாகச் சொல்வார்: எல்லைக் கல்லை நகர்த்தியது, பாம்பைக் கொன்றது, பசித்து வந்தவரை விரட்டியது... அத்தனையும் நீங்கட்டும் என்று கூடியிருப்போர் ஒரே குரலில் சொல்வார்கள். இறந்தவர் இவற்றைச் செய்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. நல்லவர், கெட்டவர் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். அதனால் எந்தக் குடும்பமும் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தப் பாவங்களைக் கன்றுக்குட்டி ஒன்றின்மேல் ஏற்றி அனுப்பும் பழைய வழக்கத்தை, 1909-இல் வெளிவந்த ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டனின் நூல் பதிவு செய்திருக்கிறது. பிழையைச் சொல்லவும் மன்னிக்கவும் ஊருக்கே இடம் கொடுத்த ஏற்பாடு இது. நம் நீலகிரி மலையின் பெருமைகளில் ஒன்று.