காந்தி மார்க்கெட்டில் எலும்புக்கு என்னென்ன கிடைக்கும் தெரியுமா?

நள்ளிரவில் காந்தி மார்க்கெட்டுக்கு லாரிகள் வந்து மூட்டை இறக்குகிற நேரத்தில், திருச்சியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பெண்ணின் உடம்புக்குள்ளும் கட்டட வேலை நடக்கிறது, தெரியுமா? ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை இடிக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் அதே இடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. பத்து வருடத்துக்கு முன் உங்களைத் தாங்கிய எலும்பில் பெரும்பகுதி இன்று உங்களிடம் இல்லை!

இடிக்கும் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது சரிந்துவிடுகிறது. இடிப்பு வேகமெடுக்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 20 சதவீதம் வரை எலும்பு கரைந்துபோகலாம். மேலைநாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. நம் பெண்களுக்கோ 46, 47-லேயே நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முன்னால் தொடங்கிவிடும்.

இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. மூட்டு வலிக்கும், இது வலிக்கவே வலிக்காது. முதுகெலும்பில் ஏற்படும் முறிவுகளில் மூன்றில் இரண்டு யாருக்கும் தெரியாமலே நடந்துவிடுகின்றன என்றால் நம்புவீர்களா? அம்மாவின் உயரம் இளவயதில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு முள்ளெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கலாம்.

இனி மார்க்கெட்டுக்குள் போவோம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொல்லிவிட்டது. முன்பு இது 800 ஆக இருந்தது! நூறு கிராம் அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராமை ஒட்டித்தான். அதே நூறு கிராம் கேழ்வரகில் 340-க்கும் மேல்! நூறு மில்லி பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கும் வழி நம் பாட்டிமார்களிடம் எப்போதோ இருந்தது: முளைகட்டி அரைப்பது, இரவெல்லாம் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுவது. முளைக்கும்போதும் புளிக்கும்போதும் ஃபைட்டேட் உடைந்து குறைகிறது.

கீரைக்கட்டுகள் குவிந்திருக்கும் பக்கம் திரும்புங்கள். நூறு கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். அகத்திக்கீரையில்? சுமார் 900! ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி அன்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, சொர்க்கவாசல் கடந்து, மறுநாள் துவாதசிப் பாரணையில் இலையில் விழுவது என்ன? அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். எலும்பின் பாதி விஷயம் கால்சியம் என்றால் மறுபாதி கொலாஜன் என்ற புரதம். கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும், அது நெல்லிக்காயில் கொட்டிக்கிடக்கிறது. கல்லும் கம்பியும் ஒரே இலையில்! அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுப்பதோடு அகத்தியை மறந்துவிடுகிற வீடுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கொடுங்கள், ஒரு கைப்பிடியை அடுப்படிக்கும் எடுத்துவையுங்கள்.

கீரை என்றாலே போதும் என்று நினைக்காதீர்கள். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட், அதன் கால்சியத்தைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். உடம்பில் சேர்வது 5 சதவீதம்தான். பாலில் சேர்வது 30 சதவீதத்துக்கு மேல். எள் அபாரமானது, எள்ளுருண்டை செய்யுங்கள். ஆனால் நல்லெண்ணெயில் கால்சியம் கிடையாது, தெரியுமா? அத்தனையும் பிண்ணாக்கோடு போய்விடுகிறது. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மெல்லுகிறவர்கள் எலும்பைத் தின்று எலும்பு வளர்க்கிறார்கள். உப்பை மட்டும் அலசிப் போக்கிவிடுங்கள், ஏனென்றால் ஆறு கிராம் உப்பு தின்றால் சிறுநீர் வழியே சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது. ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஸ்ரீரங்கத்துக் காபிப் பிரியர்களுக்கு நல்ல செய்தி: ஒரு கப் காபியால் இழக்கும் கால்சியத்தை ஓரிரு மேசைக்கரண்டிப் பால் ஈடுகட்டிவிடும்.

பிரண்டைத் துவையல்? 1960-களிலேயே காசி இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் என்ற இரு மருத்துவர்கள் கதிரியக்கக் கால்சியத்தை வைத்து, முறிந்த எலும்பு கூடுவதில் பிரண்டைக்கு என்ன பங்கு என்று விலங்குகளிடம் ஆராய்ந்தார்கள்! நல்ல பலன் தெரிந்தது. ஆனால் விலங்கில் தெரிந்ததை வைத்து மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் கூடவே போகும் பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வழி வேண்டவே வேண்டாம்.

திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! ஆனால் வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலேயே வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருக்கிறது என்று திருப்பதியில் செய்த ஆய்வு 2007-இல் வெளியாகி எல்லோரையும் திகைக்க வைத்தது. வைட்டமின் டி இல்லாவிட்டால் தின்ற கால்சியத்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டி உள்ளே போகாது. காலை இளவெயிலில் நின்றால் போதும் என்பார்கள். அதே திருப்பதியில் அளந்து பார்த்தபோது, தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாவது 11 மணியிலிருந்து 2 மணி வரை! உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் அது. கை, முகம், கழுத்தில் கொஞ்ச நேரம் படட்டும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலுக்கு அந்தச் சக்தி கிடையாது.

விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்கள் இடுப்பெலும்பில் மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்கிறார்கள், தெரியுமா? சாப்பாடும் வெயிலும் போக, எலும்புக்குச் சுமையும் வேண்டும். சுமை விழுகிற இடத்தில்தான் அது தடிக்கும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். ஸ்ரீரங்கத்து அடையவளஞ்சான் வீதியை ஒருமுறை சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். எவ்வளவு அருமையான நடைபாதை! மலைக்கோட்டைப் படிகளை 40 வயதிலேயே ஏறத் தொடங்குங்கள். முதுகெலும்பு முன்பே பலவீனமானவர்கள் மட்டும் குனிந்து காய்கறிப் பையைத் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, பையை உடம்போடு அணைத்து எழுந்திருக்க வேண்டும்.

அடுத்தது என்னை உண்மையாகவே அசரவைத்த செய்தி. கண்புரை அறுவை சிகிச்சை எலும்பைக் காக்கும்! இங்கிலாந்தில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியதும், அவர்கள் விழும் எண்ணிக்கை 34 சதவீதம் குறைந்தது. 2005-இல் வந்த ஆய்வு இது. விழாதவருக்கு இடுப்பு முறிவது அரிது. 1934 முதல் ஜோசப் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் நம்முடையது. பாட்டியின் கண்ணை ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று ஏன் தள்ளிப்போட வேண்டும்?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் பால், மிச்சம் இருந்தால் கீரை என்று சாப்பிடுகிற அம்மாக்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: உங்கள் பங்கை முதலில் எடுத்துவையுங்கள். மூட்டு வலிக்கு யாரோ தரும் பெயரில்லாத பொடியை வாங்காதீர்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது எலும்பை அரிக்கும். மருத்துவர் கால்சியம் மாத்திரை தந்தால் ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் விழுங்காதீர்கள், உடம்பு ஏற்காது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

வருடத்துக்கு ஒரே ஒரு முறை நரம்பில் ஏற்றினால் போதும் என்கிற மருந்தும் இருக்கிறது, தெரியுமா? பெயர் சோலெட்ரானிக் அமிலம். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் இடுப்பு முறிவை அது 41 சதவீதமும் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் குறைத்தது. சிறுநீரகம், பல், வைட்டமின் டி அளவு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். இத்தனை இருந்தும், மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு வீடு திரும்பும் பெண்களில் பலருக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பரிசோதனையே செய்யப்படுவதில்லை. கட்டுப் போடும் மேஜையிலேயே கேட்டுவிடுங்கள்: “டாக்டர், அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?”