வெள்ளணுக்களுக்கு வாசல் திறப்பது யார்?

வைகுண்ட ஏகாதசி விடியலில் திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றிருக்கிறீர்களா? பரமபத வாசல் திறக்கும்வரை கூட்டம் நெருங்கி நிற்கும், திறந்ததும் நகரும். உரிய காலத்தில், உரிய வழியில் நகர்ந்தால்தான் நெரிசல் இராது. நம் உடலின் வெள்ளணுக்களுக்கும் இது பொருந்தும்.

வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, முதிர்ந்த பின்னரே இரத்தத்தில் கலக்கின்றன. முதிரச் செய்யும் பொருள்களுள் ஒன்று ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் இது, ஹார்மோன் போலவே செயற்படுகிறது. உயிரணுவின் உட்கருவில் இதற்கென ஓர் ‘ஏற்பி’ உண்டு. அமிலம் சாவி, ஏற்பி பூட்டு.

புரோமைலோசைட்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில், 15, 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஏற்பி வேறொரு புரதத்துடன் இணைந்து உருவாகிறது. பூட்டு இறுகிவிடுகிறது, அணுக்கள் முதிராமலே பெருகுகின்றன. இரத்தம் உறைவதும் சீர்கெடுவதால், குருதிப்பெருக்கால் சில நாள்களிலேயே உயிர் போகலாம்.

ரெட்டினாயிக் அமிலத்தையே மிகுதியாகக் கொடுத்தால் பூட்டு திறக்கிறது என்பதை 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஆனால் புதுத் தொல்லை ஒன்றும் வந்தது. முதிரும் அணுக்களின் மேல் ஒட்டும் புரதங்கள் மிகுகின்றன. சில நோயாளிகளில் அவ்வணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றி, ஊடுருவி, நுரையீரலில் குவிகின்றன. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தோன்றுகின்றன. இதை அடக்கவும் ஓர் ஹார்மோன் ஏற்பியே உதவுகிறது! டெக்ஸாமெத்தசோன் மருந்து, கார்ட்டிசால் ஹார்மோனுக்குரிய ஏற்பியில் பொருந்தி, அணுக்களின் படையெடுப்பைத் தணிக்கிறது.

நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் இந்நோயை ஆராய்ந்தது. 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக் டிரை ஆக்சைடே முதன்மை மருந்தாகத் தரப்பட்டது. நூற்றுக்கு 86 பேருக்கு நோயின் அறிகுறிகள் முற்றும் நீங்கின என்று 2006இல் அறிவித்தனர். இம்மருந்து, ஒட்டிப் பிறந்த அந்தக் கோளாறான புரதத்தையே அழிக்கிறது. நாம் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சும் நஞ்சுதான் இது! அளவறிந்த மருத்துவர் கையில் மட்டுமே இது மருந்து. தாமாக உண்பவருக்கு எமன்.

ஈறுகளில் காரணமின்றி இரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள் தோன்றினாலோ உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சை பெறுபவருக்கு மூச்சுத் திணறினால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோய் இன்று பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடியது. காலந்தாழ்த்துவதே பெரும் பகை.